வேட்டை ஸ்கோப்: பெரிய எண்ணை விடுங்கள், சிறிய எண்ணைப் பாருங்கள்

ரைபிளின் மேல் பொருத்திக் குறிபார்க்கும் தொலைநோக்கிதான் ஸ்கோப். அதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை எக்ஸ்?" என்றுதான். விற்பவர்களும் அந்தக் கேள்விக்கே பழகிவிட்டார்கள். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் இருப்பது உச்ச உருப்பெருக்கம்தான். வேட்டை என்று வரும்போது அந்த எண்ணைக் கடைசியாகப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. 3-9x40 என்றால் 3 முதல் 9 மடங்கு வரை பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 40 மில்லிமீட்டர் என்று பொருள். இதில் உழைப்பது 3. 9 எப்போதாவது கைகொடுக்கும்.

காரணம் சாதாரணக் கணக்கு. 100 மீட்டரில் நிற்கும் மான், 4 மடங்கில் பார்த்தால் 25 மீட்டரில் நிற்பதுபோலத் தெரியும். அவ்வளவு அருகில் நிற்கும் மானின் தோளைக் குறிபார்க்க இதற்கு மேல் பெரிதாக்க வேண்டிய தேவை என்ன? இதயமும் நுரையீரலும் சேர்ந்த பகுதி நடுத்தர அளவு மானில் சுமார் 20 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். அதன் நடுவில், ஸ்கோப்புக்குள் குறிகாட்டும் குறுக்குக்கோட்டை நிறுத்த 4 மடங்கே போதும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். வழக்கமான 3-9x40 ஸ்கோப்பில், 9 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் தெரியும் அகலம் சுமார் நான்கரை மீட்டர். அப்படியே வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். 20 மீட்டரில் புதரிலிருந்து ஒரு விலங்கு எழுகிறது. இப்போது ஸ்கோப்புக்குள் தெரியும் அகலம் 90 சென்டிமீட்டர். வட்டம் முழுவதும் பழுப்பு ரோமம். அது தோளா தொடையா, ஆணா பெண்ணா, பக்கத்தில் குட்டி நிற்கிறதா, பின்னால் பாதை போகிறதா, ஒன்றும் தெரியாது. 3 மடங்கில் இருந்திருந்தால் இரண்டு மீட்டருக்கு மேல் தெரிந்திருக்கும். குறி தவறுவதும் விபத்து நேர்வதும் இந்த ஒரே குறையிலிருந்துதான் தொடங்குகின்றன. அதனால் நடக்கும்போது ஸ்கோப் எப்போதும் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் இருக்க வேண்டும். தூரத்தில் நிற்கும் விலங்கு திருகிக் கூட்ட நேரம் தரும். அருகில் எழுவது தராது.

போட்டியாளர்கள்

நிலையான 4x32-ஐ இன்று யாரும் பெருமையாகப் பேசுவதில்லை. ஆனால் அதன் எளிமைக்கு ஈடு கிடையாது. திருகி மாற்ற எதுவும் இல்லை, கண்ணாடிகள் குறைவு, எடையும் 300 கிராம் அளவில் அடங்கிவிடும். அதே விலையில் வரும் 3-9 ஸ்கோப்பைவிட இதன் கண்ணாடி பெரும்பாலும் மேலானதாக இருக்கும், ஏனென்றால் பணம் நகரும் பாகங்களுக்குப் போகவில்லை. அடர்ந்த காட்டில் 150 மீட்டருக்குள் மட்டும் சுடுபவருக்கு இதற்கு மேல் தேவையில்லை என்றே சொல்வேன். 6x42-உம் இதே குடும்பம்தான். கொஞ்சம் திறந்தவெளிக்கு ஏற்றது.

வெளிச்சத்தைப் பற்றி இங்கேயே பேசிவிடலாம். முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணருகே வந்து விழும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 4x32-இல் அது 8 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞரின் கண்பாவை சுமார் 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயதாக ஆக 5 அளவுக்குக் குறைந்துவிடும். எனவே 8 என்பது தாராளம். தலை சற்று விலகி இருந்தாலும் படம் மறையாது. 3-9x40-ஐ 9-இல் வைத்தால் வட்டம் 4.4 ஆகச் சுருங்குகிறது, 6-க்கு இறக்கினால் 6.7 ஆகிறது. அந்தியில் படம் மங்கும்போது பலர் இன்னும் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது இறக்குவது.

முன்லென்ஸ் பெரிதாக இருந்தால் மட்டும் வெளிச்சம் வந்துவிடாது. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். பத்துப் பரப்புகளைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்கு காலி. 1935-இல் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா உருவாக்கிய எதிரொளித் தடுப்புப் பூச்சு இந்த இழப்பைத் தடுக்க வந்ததுதான். இன்று எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும். நல்ல பூச்சுள்ள 40 மில்லிமீட்டர் லென்ஸ், மட்டமான 50 மில்லிமீட்டர் லென்ஸை அந்தியில் தோற்கடித்துவிடும்.

3-9x40-க்கு வருவோம். எதிலும் முதல் இடம் இல்லை, எதிலும் தோல்வியும் இல்லை. ஒரே ஒரு ரைபிள் வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கூடுதல் பணம் இருந்தால் 2.5-10x42 போன்றவை இன்னும் கொஞ்சம் அகலத்தையும் கொஞ்சம் எட்டத்தையும் சேர்த்துத் தரும்.

1-6x24 வேறு சாதி. 1-இல் வைத்தால் இரு கண்களையும் திறந்தபடி பார்க்கலாம், 100 மீட்டரில் 30 மீட்டருக்கு மேல் அகலம் தெரியும். ஓடிவரும் காட்டுப்பன்றிக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. குறை, 6-இல் ஒளிவட்டம் 4 மில்லிமீட்டர்தான் என்பது. சூரியன் மறைந்தபின் இதை நம்ப முடியாது.

8x56 இதற்கு நேர் எதிர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் மேடையில் அமர்ந்து அந்தியில் காத்திருக்கும் வேட்டைக்காரர்களின் பழைய தேர்வு இது: 7 மில்லிமீட்டர் ஒளிவட்டமும், மங்கலில் விவரத்தைக் கூட்டும் 8 மடங்கும் ஒன்றாகக் கிடைக்கும். உட்கார்ந்திருப்பவருக்கு அருமை. நடப்பவருக்குத் தொல்லை. பெரிய முன்லென்ஸ் துப்பாக்கிக் குழலைத் தொடாமலிருக்க ஸ்கோப்பை உயர்த்திப் பொருத்த வேண்டும். கன்னம் துப்பாக்கியின் கட்டையிலிருந்து எழும்பும். கன்னம் ஊன்றாவிட்டால் குறி நிலைக்காது.

5-25x56-ஐ வேட்டைக்குப் பரிந்துரைப்பவரிடம், அதைத் தோளில் மாட்டி மலையேறியிருக்கிறாரா என்று கேளுங்கள். ஏறக்குறைய ஒரு கிலோ எடை. 25 மடங்கில் உங்கள் நாடித்துடிப்பு குறுக்குக்கோட்டில் தெரியும், நண்பகல் கானல் படத்தை அலையவைக்கும், ஒளிவட்டமோ 2.2 மில்லிமீட்டர். தாளில் குறிசுடும் மைதானத்துக்கு அது ராஜா, அங்கேயே இருக்கட்டும்.

கோடு எந்தத் தளத்தில்?

ஸ்கோப்புக்குள் படம் இரண்டு இடங்களில் குவிகிறது: முன்லென்ஸ் பக்கம் இருப்பது முதல் குவியத் தளம், கண் பக்கம் இருப்பது இரண்டாம் தளம். குறுக்குக்கோடு முதல் குவியத் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்தோடு சேர்ந்து கோடும் வளரும்; அதிலுள்ள அளவுக்குறிகள் எல்லா நிலையிலும் சரியாக இருக்கும். இரண்டாம் தளத்தில் இருந்தால் கோடு ஒரே அளவில் நிற்கும். அளவுக்குறிகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில், பெரும்பாலும் உச்சத்தில்தான், சரியான மதிப்பைக் காட்டும். தொழில்நுட்ப ரசிகர்கள் முதல் தளத்துக்கே வாக்களிப்பார்கள். நான் வேட்டைக்கு இரண்டாம் தளம் என்பேன். நாம் பெரும்பாலும் இருக்க வேண்டிய குறைந்த உருப்பெருக்கத்தில், முதல் தளக் கோடு சிலந்தி நூலாக மெலிந்து புதரோடு கலந்துவிடும். நெடுந்தூரத்தில் குறிகளை எண்ணிச் சுடுபவருக்கு மட்டும் கதை வேறு.

குறியைத் திருத்தும் திருகி, மில், எம்.ஓ.ஏ. என்ற இரு கோண அளவைகளில் ஏதாவது ஒன்றில், கிளிக் கிளிக்காக நகரும். மில்லா, எம்.ஓ.ஏ.-வா என்பதில் நேரம் செலவிட வேண்டாம். 100 மீட்டரில் 0.1 மில் கிளிக் ஒரு சென்டிமீட்டர் நகர்த்தும், கால் எம்.ஓ.ஏ. கிளிக் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். கோடும் திருகியும் ஒரே அளவையில் இருந்தால் போதும்.

விலைப்பட்டியலில் பலர் தாண்டிப்போகும் ஓர் எண் உண்டு, கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே வேண்டிய தூரம். பின்னுதைப்பு வலுவான ரைபிளுக்கு 9 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. மேல்நோக்கிச் சுடும்போதும் படுத்துச் சுடும்போதும் தலை தானாக முன்னே நகரும். ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிறை வடிவில் கிழிப்பது பெரும்பாலும் அப்போதுதான். ஸ்பிரிங் வகை ஏர் ரைபிளுக்கு வாங்குபவர், அதற்கென்றே தயாரித்த ஸ்கோப்தானா என்று உறுதிசெய்ய வேண்டும். அது பின்னுக்கும் முன்னுக்கும் இருமுறை உதைக்கும். பெரிய ரைபிளில் நிலைத்த ஸ்கோப்கூட அதில் உடைவதுண்டு.

ஸ்கோப்பா, பைனாகுலரா?

உண்மையான போட்டி இதுதான் என்று நினைக்கிறேன். நல்ல ஸ்கோப் இருந்தால் பைனாகுலர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தூரத்துச் சரிவில் ஏதோ அசைகிறது. என்னவென்று பார்க்க ஸ்கோப்பை உயர்த்தினால், அந்த நொடியில் துப்பாக்கி முனையும் அதே இடத்தை நோக்குகிறது. அசைந்தது காளான் பொறுக்க வந்தவராக இருந்தால், நீங்கள் ஒரு மனிதரைக் குறிபார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பாதுகாப்புப் பூட்டு போட்டிருக்கிறதே என்பது சமாதானம் ஆகாது. அது ஓர் இயந்திரம், பழுதாகக்கூடியது. தேடுவதும் அடையாளம் காண்பதும் பைனாகுலரின் வேலை. இன்ன விலங்கு, சுடத் தக்கது, பின்னால் தோட்டாவைத் தாங்கும் மண்மேடு இருக்கிறது என்று எல்லாம் முடிவான பிறகுதான் ஸ்கோப் கண்ணுக்கு வர வேண்டும். பையில் இருப்பது ஒரு ஸ்கோப்புக்கும் ஒரு பைனாகுலருக்குமான பணம் என்றால், பெரிய பங்கைப் பைனாகுலருக்கே கொடுப்பேன். கண் மணிக்கணக்கில் இருக்கப்போவது அதில்தான். 8x42 கையில் நடுங்காது, ஒளிவட்டமும் 5 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். 10x42 மலைக்கும் வெட்டவெளிக்கும் பொருந்தும். 12-க்கு மேல் போனால் முக்காலி வேண்டும்.

எந்த லென்ஸ் வழியாகவும் சூரியனைப் பார்க்கக் கூடாது. வேட்டை நேரமே சூரியன் தொடுவானத்தில் இருக்கும் நேரம்; பைனாகுலரைப் பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டே போகும்போது அது எளிதில் குறுக்கே வந்துவிடும். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த பிறகுதான் பார்வையில் ஓட்டை இருப்பது புரியும்.

இன்னொரு ஆபத்து ஸ்கோப்பின் உயரத்தால் வருவது. ஸ்கோப்பின் நடுக்கோடு குழலின் நடுவைவிட நான்கைந்து சென்டிமீட்டர் மேலே இருக்கிறது. பாறைமேல் ரைபிளை ஊன்றிப் பார்க்கிறீர்கள். ஸ்கோப்பில் மான் தெளிவாக நிற்கிறது, இடையில் எதுவும் இல்லை. ஆனால் குழல்வாய்க்கு அரை மீட்டர் முன்னே பாறையின் விளிம்பு, குழலின் மட்டத்துக்கு எழும்பி நிற்கிறது. அவ்வளவு அருகில் இருப்பது ஸ்கோப்பில் மங்கலாகக்கூடத் தெரியாது. தோட்டா பாறையைத் தாக்கிச் சிதறும், சில்லுகள் சுடுபவர் முகத்துக்கே வரும். வாகனத்தின் முன்மூடிமேல் ஊன்றிச் சுட்டு மூடியைத் துளைப்பதும் இதே கதைதான். விசையில் விரல் வைக்கும் முன் கன்னத்தை எடுத்து, குழலின் பக்கவாட்டில் ஒருமுறை பார்க்க வேண்டும்.

சிவப்புப் புள்ளியும் வெப்பப்படமும்

குறுக்குக்கோட்டுக்குப் பதிலாக ஒளிரும் புள்ளியைக் காட்டும், உருப்பெருக்கம் இல்லாத சிவப்புப் புள்ளிக் கருவிகள், ஸ்வீடனின் எய்ம்பாயிண்ட் 1975-இல் வெளியிட்டதிலிருந்து வேட்டைக்கும் வந்துவிட்டன. 50 மீட்டருக்குள் ஓடும் விலங்குக்கு வேகமானவை. 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டரில் சுமார் 6 சென்டிமீட்டரை மறைக்கும். அஸ்டிக்மாட்டிஸம் என்ற பார்வைக் குறை உள்ளவருக்குப் புள்ளி சிதறிய நட்சத்திரமாகத் தெரியும். அவர்கள் வாங்கும் முன் கண்ணில் வைத்துப் பார்க்க வேண்டும்.

வெப்பப்படக் கருவி கண்டுபிடிப்பதில் எல்லாவற்றையும் வெல்லும், அடையாளம் காண்பதில் பலவற்றிடம் தோற்கும். வெளிச்சமே இல்லாத இரவில் சூடான உடல் பளிச்சென்று தெரியும். ஆனால் அது சூட்டின் உருவம் மட்டுமே. எவ்வளவு தூரம் என்ற உணர்வு படத்தில் இருக்காது. அருகிலிருக்கும் நாயும் தொலைவிலிருக்கும் கன்றும் ஒன்றுபோல் தோன்றலாம். சாதாரணக் கண்ணாடி இந்த வெப்பக்கதிரை மறைத்துவிடுவதால், ஜன்னலுக்குப் பின்னோ காரின் உள்ளேயோ இருப்பவர் தெரியமாட்டார். குளிர்ந்த கம்பியும் குச்சியும் பின்னணியோடு கரைந்துவிடும். பல நாடுகளில் இவற்றை ரைபிளில் பொருத்தி வேட்டையாடத் தடை இருக்கிறது. சட்டத்தைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். அனுமதி உள்ள இடத்திலும், தேடுவதற்குக் கையில் பிடிக்கும் தனிக் கருவிதான் என் தேர்வு. காரணம் பைனாகுலருக்குச் சொன்னதேதான்.

எதை வாங்கினாலும் பொருத்தும் வேலை ஒன்றே. ரைபிளில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் சரிபார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வளையத் திருகுகளை முறுக்குவிசை அளக்கும் திருப்புளியால், தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு மட்டும் இறுக்குங்கள்; அதிகம் இறுக்கினால் ஸ்கோப்பின் உடல் நசுங்கும். ஸ்கோப்பின் குறியும் தோட்டா படும் இடமும் ஒன்றாகும்படி குறிசேர்க்கக் குழலுக்குள் லேசர் செருகியிருந்தால் முதல் தோட்டாவுக்கு முன் அதை எடுத்தாக வேண்டும். மறந்தால் குழல் வெடிக்கக்கூடும். பிறகு 25 மீட்டரில் தொடங்கி 100 மீட்டரில் தாளில் சுட்டு, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே தோட்டாவால் சரிசெய்யுங்கள். ரைபிள் ஒருமுறை கல்லில் விழுந்துவிட்டால், ஸ்கோப்பில் கீறல்கூட இல்லாவிட்டாலும், மீண்டும் தாளில் சுட்டுப் பார்க்கும்வரை அதை எந்த விலங்கின்மீதும் திருப்ப வேண்டாம்.