அமுக்கினால் இருமல் வருகிற கழுத்துக் கட்டி: எண்ணெய்க்காரரிடம் போகாதீர்கள்

கிளிநொச்சிப் பக்கம் கழுத்துக் கட்டிக்கு எண்ணெயும் சூரணமும் கொடுக்கும் ஒருவரிடம் நாங்கள் 4 மாதமும் 84,000 ரூபாயும் தொலைத்தோம். காலபோக நெல் விற்ற காசு.

ஐயாவுக்கு முதலில் புட்டு இறங்கவில்லை. சொதி விட்டுக் குழைத்தால்தான் போகும். பிறகு சோறும் தொண்டையில் நின்றது. வலது தாடைக்குக் கீழே பாக்களவு கட்டி. நோகாததால் நாங்களும் பெரிதாக எடுக்கவில்லை, அது எங்கள் பிழை.

அந்த ஆள் தொட்டுப் பார்த்துவிட்டு, "கண்டமாலை, கரைச்சுத் தாறன்" என்றார். கழுத்தில் நெறி கட்டி வீங்குவதைத்தான் கண்டமாலை என்பார்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லவும் இல்லை. கிழமைக்கு இரண்டு நாள் எண்ணெய் போட்டு உருவுவார். உருவும்போதெல்லாம் ஐயாவுக்கு அடக்க முடியாத வறட்டு இருமல். கேட்டால், "தம்பி, உள்ள கிடக்கிற சளி கிளம்புது, நல்லதுதான்" என்பார். ஒரு சொட்டுச் சளி வரவில்லை. அந்த இருமலுக்கும் ஒரு போத்தல் தந்து காசு வாங்கினாரே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

குரல் கரகரத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து துண்டு தந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். காது மூக்கு தொண்டை டொக்டர் கட்டியை மெல்ல அமுக்கினார். அதே இருமல். வேகஸ் நரம்பில் வளர்ந்த கட்டியாக இருக்கலாம் என்று அப்போதே சொன்னார். மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும் நரம்பு அது. குரல்நாணுக்கும் விழுங்கும் தசைகளுக்கும் அதன் கிளைகள்தான் போகின்றன. அந்த நரம்பின் உறையில் வளர்வதை ஷ்வானோமா என்கிறார்கள். புற்றுநோய் இல்லை, மெதுவாகத்தான் வளரும், ஆனால் எந்த எண்ணெய்க்கும் கரையாது. ஸ்கானில் பார்த்தால் தொண்டைச் சுவரை உள்ளே தள்ளிக்கொண்டு நிற்கிறது. புட்டு எப்படி இறங்கும்?

வெட்டி எடுத்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, எங்களுக்குப் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும்தான் செலவு. குரல் பாதிக்கலாம் என்று முதலே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். இப்போது ஐயா சோறு சாப்பிடுகிறார், குரல் மட்டும் கம்மல். முந்தி வந்திருந்தால் குரல் தப்பியிருக்குமா என்று கேட்டேன். டொக்டர் உறுதியாக ஒன்றும் சொல்லவில்லை.

நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. முறிவு தெறிவுக்கு எங்கள் ஊரிலேயே நல்ல பரிகாரிமார் இருக்கிறார்கள். ஆனால் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிந்தவரா என்று இவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். பிறகு கேட்டபோது போனை வைத்துவிட்டார். இப்போது முல்லைத்தீவுப் பக்கமும் கிழமையில் ஒரு நாள் வந்து இருக்கிறாராம்.