மட்காட் வெட்டப் போய் நான் படித்த கருவிப் பாடம்

தண்ணீர் மோட்டர் பூட்டிக் கொடுப்பது என் தொழில். கிழமைக்கு 2 தரமாவது காரைநகர்த் தீவுப் பக்கம் போவேன். என்னுடைய ஹைலக்ஸ் 90களில் வந்த டபுள் கப் பிக்கப். அதற்கு 31 அங்குல ரயர் போட்ட அடுத்த நாள், பொன்னாலைப் பாலத்துக்குப் போகிற வழியில் ஒரு குழியில் விழுந்து எழும்பும்போது முன்பக்கத்தில் 'கர்ர்' என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் மட்காட்டின் பின் மூலையை ரயர் நக்கியிருந்தது. வெட்டத்தான் வேணும்.

ஆனால் பெயின்ற் புதிது. இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த இடைக்காலத்தில் எல்லாரையும்போல நானும் இருக்கிற வாகனத்தையே தேய்த்து, பூசி, கண்ணுக்குள் வைத்துப் பார்த்தவன். அதனால் இனிச் சொல்வது கருவி எவ்வளவு கெதியாக வெட்டுகிறது என்பதைப் பற்றியல்ல, வெட்டின பிறகு பெயின்ற் என்ன கோலத்தில் இருந்தது என்பதைப் பற்றித்தான்.

இடப்பக்கத்தைக் கிறைண்டரால் வெட்டினேன். கையில் இருந்தது அதுதான், 4 அங்குலம், 1 மில்லிமீற்றர் கட்டிங் டிஸ்க். 5 நிமிட வேலை. வெட்டும் நேராகத்தான் வந்தது. அன்று பின்னேரம் கழுவித் துடைத்துவிட்டு நல்ல வேலை என்றுதான் நினைத்தேன். அடுத்த மழைக்குப் பிறகு முன் கதவில் கடுகு தெளித்தமாதிரி மண்ணிறப் புள்ளிகள். சவர்க்காரத்துக்கும் போகவில்லை, மண்ணெண்ணெய்க்கும் போகவில்லை. கண்ணாடியைத் தடவினால் கையில் நறநறத்தது. பொறியாகப் பறந்தது எல்லாம் சுடச்சுட இரும்புத் துகள். பெயின்றுக்கு மேலே இருக்கிற நிறமில்லாத கிளியர் கோட் பூச்சை உருக்கிக்கொண்டு உள்ளே போய் இருந்து, ஈரம் பட்டதும் அங்கேயே துருப் பிடித்திருக்கிறது. பெயின்றில் ஒட்டினதை இழுத்தெடுக்கிற களிமண் கட்டி, கிளே பார், வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உருட்டினேன். முக்கால்வாசி போனது, மிச்சம் இன்னும் இருக்கிறது. அதோடு வெட்டின ஓரத்தில் நக அகலத்துக்குப் பெயின்ற் சூட்டில் கொப்பளித்துவிட்டது. ஒரே இடத்தில் டிஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றது என் பிழைதான்.

கிறைண்டரைத் தவிர வேறு வழியில்லை என்றால் கதவு, கண்ணாடி, பொனற் எல்லாவற்றையும் நனைத்த சணல் சாக்கால் மூடுங்கள். பொலித்தீன் போட்டால் பொறி ஓட்டை போட்டுக்கொண்டு போகும். டிஸ்க்கை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெதுமெதுவாக 4, 5 தரம் ஓட விடுங்கள். பின்பக்கம் எரிபொருள் வாய் இருக்கிற பக்கத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வலப்பக்கத்துக்கு முதலில் தகரம் வெட்டும் கத்திரியைத்தான் எடுத்தேன். பிடியின் நிறத்தில் விஷயம் இருக்கிறது. சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம், மஞ்சள் நேருக்கு. பொறியும் இல்லை, சூடும் இல்லை. ஆனால் தகட்டை நெளிக்கிறது, நெளிகிற இடத்தில் பெயின்ற் மெல்லிய கோடாக வெடிக்கிறது. மடித்த ஓரத்தில் ஒரு சின்ன வாய் வெட்டவும் உள்ளே இருக்கிற பிளாஸ்ரிக் மறைப்பைக் கத்தரிக்கவும் நல்லது. அவ்வளவுதான். ஒழுங்கைத் தம்பி ஒருவன் ஜிக்சோவை, அலகு மேலும் கீழும் ஓடுகிற கை மின்வாளை, கொண்டு ஓடிவந்தான். அதன் அடித்தட்டு பெயின்றின் மேல் அதிர்ந்துகொண்டே போகும், மாஸ்கிங் ரேப் 3 அடுக்கு ஒட்டினாலும் எனக்கு நெஞ்சு பதறியது. திருப்பி அனுப்பிவிட்டேன்.

கடைசியில் யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கியதுதான் ட்ரில்லில் பூட்டுகிற நிப்ளர். தகட்டைக் கடித்துக் கடித்துத் துண்டாக்குகிற சாமான், அணில் கொய்யாப்பழம் கொறிக்கிறமாதிரி. மக்கீற்றாவில் தனி மெசினாகவே ஜேஎன்1601 என்று வருகிறது, 550 வாற்று, 1.6 மில்லிமீற்றர் இரும்புத் தகடு வரைக்கும் வெட்டும். ஒற்றை மட்காட் தகட்டுக்கு அது தாராளம். ஆனால் ஆயுளில் 2 மட்காட் வெட்டுகிறவனுக்கு ஏன் அந்தச் செலவு என்று ட்ரில்லில் பூட்டுகிற நிப்ளர் தலையோடு நின்றேன்.

அது மடித்த ஓரத்தில் நேரே ஏறாது. முதலில் இரும்பறுக்கும் வாள் அலகால் மடிப்பை ஊடறுத்து ஒரு வாய் திறக்க வேணும். பிறகு தலையை உள்ளே விட்டு, ட்ரில்லை ஒரு கையாலும் தலையின் தண்டை மற்றக் கையாலும் பிடித்துக்கொண்டு போகலாம். கை சும்மா இருந்தால் தலை முழுவதும் சுழன்று மணிக்கட்டை முறிக்கப் பார்க்கும், கவனம். இடைக்கிடை ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். தடம் அகலம் என்பதால் கோட்டின் மேல் ஓடாமல் கழிக்கிற பக்கமாக ஓட்டினேன். கோடு கீற நான் பிடித்த வழி, 3 தென்னை ஈர்க்கைச் சேர்த்துக் கட்டி வளைத்து, தகட்டில் ஒட்டின மாஸ்கிங் ரேப்பின் மேல் பென்சிலால் இழுத்தது. கொம்பாஸ் வைத்தாலும் இவ்வளவு வடிவாக வராது.

வெட்டி முடித்துத் தொட்டுப் பார்த்தேன், ஓரம் சூடே இல்லை. பெயின்ற் வெட்டுவாய் வரைக்கும் அப்படியே நின்றது. 20 நிமிடம் போனது, கிறைண்டரைவிட 4 மடங்கு. குறை என்றால் ஓரம் பல்லுப் பல்லாக வரும், அரம் போட்டே தீர வேணும். அரத்தை எப்போதும் வெளிப் பெயின்ற் பக்கமிருந்து உள்ளே தள்ளுங்கள். உள்ளிருந்து வெளியே இழுத்தால் பெயின்றைச் சீவிக்கொண்டு வரும். இதைக் கராச்சில் தகடு தட்டி ஒட்டுகிற ரிங்கரிங் வேலை செய்கிற அண்ணை ஒருவர்தான் சொல்லித் தந்தார். பின்பக்கத்தை நான் தொடவில்லை, அவரிடமே விட்டேன். அங்கே உள்தகடும் வெளித்தகடும் ஓரத்தில் ஸ்பொட் வெல்ட்டில் ஒட்டி நிற்கின்றன. வெட்டினால் வாய் பிளக்கும், திரும்ப அடைக்க வேணும். அவர் கொம்பிறசரில் ஓடுகிற சின்ன வாளால் அறுத்தார், அங்குலத்துக்கு 32 பல்லு. பொறி இல்லை, சத்தம் மட்டும் காதைப் பிளந்தது. அது கராச்சுக்குரிய சாமான், வீட்டில் பெரிய கொம்பிறசர் இல்லாதவர் யோசிக்க வேண்டாம்.

ரேப்பை அன்றைக்கே உரித்துவிடுங்கள். எங்கள் வெயிலில் 2 நாள் விட்டால் பசை வெந்து ஒட்டிவிடும். மண்ணிறப் பார்சல் ரேப் என்றால் புதுப் பெயின்றையும் சேர்த்துத் தூக்கும். வெட்டின ஓரத்துக்குச் சிங்க் பிறைமர் 2 கை, காய்ந்ததும் பெயின்ற். காரைநகர் உப்புக்காற்றுக்குப் பச்சை இரும்பைக் காட்டக் கூடாது. ஓரத்தை மூடுகிற றபர் பீடிங்கை அதற்குப் பிறகுதான் கொழுவலாம், முதலே கொழுவினால் உள்ளே தண்ணீர் தங்கும்.

நிப்ளரின் கழிவைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பிறைநிலா வடிவில் சின்னச் சின்னத் துண்டுகள், ஊசிபோலக் கூர். பறக்காமல் காலடியில்தான் விழும் என்று விட்டுவிட்டேன். 3 நாள் கழித்து மகளின் செருப்படியில் ஒன்று ஏறி நின்றது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தைச் சொப்பின் பையில் போட்டு முற்றம் முழுக்க இழுத்தேன். ஒரு பிடி வந்தது.