காகங்கள் அடையும் நேரத்துக்கு ஒரு 8×42 பைனாகுலர்

குளிர்கால மாலைகளில் காகங்கள் கூட்டம் கூட்டமாக அடைய வருவதைப் பார்ப்பதற்கென்றே இந்தப் பைனாகுலரை வாங்கினேன். 8×42, அதாவது எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. விட்டமுள்ள முன் லென்ஸ். நடுத்தர விலை. பிராண்ட் பெயரை விட்டுவிடுகிறேன், கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன். உச்சி வெயிலில் மீன்கொத்தியின் நீலம் இதில் எப்படித் தெரியும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. நான் இதைக் கையில் எடுப்பதே பொழுது சாயும்போதுதான்.

காகங்கள் சூரியன் மறைய ஒரு மணி நேரம் இருக்கும்போதே வரத் தொடங்கிவிடும். ஆனால் நேராக அடையும் மரத்துக்குப் போகாது. பக்கத்தில் ஏதாவது ஒரு வெட்டவெளியிலோ கட்டடக் கூரையிலோ இறங்கி, கத்தி, ஒன்றையொன்று துரத்தி, மற்ற திசைகளிலிருந்து வருகிற கூட்டங்களும் சேர்ந்தபின், நன்றாகக் கருக்கல் ஆனதும்தான் மொத்தமாகக் கிளம்பும். ஆக, பார்க்க வேண்டிய காட்சி வரும்போது வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். அந்தக் கடைசி நேரத்தில் உதவாத பைனாகுலர் எனக்கு எதற்கு?

இதில் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 வருகிறது. கண் வைக்கும் பக்கத்திலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் அகலம் அத்தனை மில்லிமீட்டர். இளவயதில் நம் கண்மணி இருட்டில் 7 மி.மீ. வரை விரியும், வயதாக ஆகக் குறையும். ஐம்பதைத் தாண்டிய என் கண்ணுக்கு ஏறக்குறைய 5 போதும், அதற்கு மேல் வரும் ஒளி வீண். என்னோடு வரும் நண்பரிடம் இருப்பது 10×42, அதில் இந்த அளவு 4.2. சூரியன் இருக்கும்வரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. மறைந்த பிறகு அவருடையதில் மரமும் காகமும் ஒரே சாம்பலாகிவிடுகின்றன, என்னுடையதில் கிளையில் யார் யாரைத் தள்ளுகிறார்கள் என்பது இன்னும் கொஞ்ச நேரம் தெரிகிறது. விளம்பரங்களில் கருக்கலில் எவ்வளவு தெரியும் என்று காட்ட 'ட்வைலைட் ஃபேக்டர்' என்று ஓர் எண் போடுவார்கள், பெருக்கத்தையும் லென்ஸ் விட்டத்தையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பது. அதன்படி 8×42-க்கு 18.3, 10×42-க்கு 20.5. அதைப் பார்த்து மயங்காதீர்கள். உள்ளே இருக்கும் கண்ணாடி எவ்வளவு ஒளியைக் கடத்துகிறது என்பது அந்தக் கணக்கில் வருவதே இல்லை. குளிரில் நடுங்கும் கைக்கும் அதில் இடமில்லை.

அடுத்து, பார்வையின் அகலம். இது 8 பாகை, அதாவது 1,000 மீட்டர் தூரத்தில் 140 மீட்டர். பறக்கும் கூட்டத்துக்கு உண்மையில் இதுதான் முக்கியம். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பாத்தெல் வளாகத்தில் குளிர்காலத்தில் 16,000 காகங்கள் வரை அடைகின்றன. அவ்வளவு இல்லாத இடத்தில்கூட எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். நான் பத்துப் பத்தாக எண்ணுவேன்: முதலில் பத்தைச் சரியாக எண்ணி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணுக்குப் பழக்கி, அப்புறம் ஒரு கம்பத்தைக் குறியாக வைத்து அதைத் தாண்டுகிற பத்துகளைக் கணக்கிடுவது. அகலம் குறைந்தால் கூட்டத்தின் தலையும் வாலும் வெட்டுப்படும். இன்னொன்று, வெறும் கண்ணுக்குக் காலியாகத் தெரியும் அடிவானத்தில் இதைத் திருப்பினால், அங்கே ஏற்கனவே ஒரு வரிசை வந்துகொண்டிருக்கும். கொடுத்த காசு எனக்கு அந்த இடத்தில்தான் செரிக்கிறது.

சரி, குறைகள். வெளிறிய வானத்தின் முன்னால் கரிய பறவை: லென்ஸுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை கிடையாது. நடுவில் பார்த்தால் சுத்தமாக இருக்கிறது. ஓரத்துக்குப் போனால் சிறகு விளிம்பில் ஒருபக்கம் ஊதா, மறுபக்கம் பச்சை என்று கோடு கட்டுகிறது. கடையில் சுவரைப் பார்த்துச் சோதித்தால் இது தெரியாது, வெளியே வந்து வானத்தின் முன் நிற்கும் ஒரு கிளையைப் பாருங்கள். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு 17 மி.மீ. கண் தூரம் (முழுக்காட்சியும் தெரிய லென்ஸிலிருந்து கண் தள்ளி இருக்கக்கூடிய தூரம்) தாராளம், ஆனால் ரப்பர் கண்குவளை ஒரு பருவத்திலேயே தளர்ந்து தானாக இறங்குகிறது. உள்ளே நைட்ரஜன் வாயு நிரப்பியது என்று பெட்டியில் பெருமையாக அச்சிட்டிருக்கிறார்கள். உண்மைதான், உள்ளே பனி படிவதில்லை. வெளிக்கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டுப் படிவதை அது என்ன செய்யும்? கூடவே கொடுத்த வார், சணல் கயிற்றுக்குத் தங்கை. 680 கிராமைத் தாங்கிக் கழுத்தை அறுக்கிறது. முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

கண்பக்க மூடியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அடையும் மரத்தின் கீழே நின்றால் மழைக்கு மட்டுமல்ல, எச்சத்துக்கும் அதுதான் காவல். மரத்தடியில் நிற்காமல், அவை வரும் பாதையில் தள்ளி நிற்பதே நல்லது. எதிர்க்காற்று இருக்கிற நாளில் தாழப் பறந்து வரும், அப்போது பைனாகுலரே வேண்டாம், இறக்கிவிட்டு அண்ணாந்து பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். இருபதுகளில் இருப்பவர்கள் மட்டும் 7×50-ஐயும் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அதன் 7.1 மி.மீ. ஒளி முழுவதையும் வாங்கிக்கொள்ளும் கண் அவர்களுக்கு இருக்கிறது, பெரும்பாலும் ஒரு கிலோவை நெருங்கும் எடையைத் தாங்கும் கழுத்தும் இருக்கும்.