கரன்ட் போனால் வெள்ளையாகும் கண்ணாடி

எங்கள் ஃபிசியோதெரபி கிளினிக்கில் சிகிச்சை அறைக்கும் வரவேற்பறைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்புதான். திரைச்சீலையைத் துவைத்து மாளவில்லை என்று, இருந்த கண்ணாடியின் மேலேயே ஸ்மார்ட் ஃபிலிம், அதாவது சுவிட்ச் போட்டால் தெளிவாகி, அணைத்தால் வெள்ளையாகும் மெல்லிய தாள், ஒட்டினோம்.

சுவிட்சைத் தட்டியதும் பால் வெள்ளை மறைந்து எதிர்ச்சுவர் தெரிகிறது. கரன்ட் கொடுத்தால்தான் வெள்ளையாகும் என்று பலர் நினைக்கிறார்கள், நிஜத்தில் நேரெதிர். ஃபிலிமுக்குள் பாலிமர் என்ற பிளாஸ்டிக்கில் திரவப் படிகத் (லிக்விட் கிரிஸ்டல்) துளிகள் பொதிந்திருக்கின்றன. மின்சாரம் இல்லாதபோது அவை ஆளுக்கொரு திசையில் கிடப்பதால் ஒளி சிதறி வெள்ளையாகிறது. மின்சாரம் வந்ததும் படிகங்கள் ஒரே திசையில் அணிவகுக்க, ஒளி நேராகக் கடந்துவிடுகிறது. நோயாளி உள்ளே படுத்திருக்கும்போது கரன்ட் போனாலும் கண்ணாடி வெள்ளையாகவே நிற்கும். எனக்கு இது பிடித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

போயிங் 787 விமான ஜன்னலும் இதுவும் ஒன்றா என்று கேட்கிறார்கள். இல்லை. அது எலக்ட்ரோக்ரோமிக் வகை, அதாவது மின்சாரத்தால் நிறம் மாறுவது. மெதுவாக நீலமாக இருளும், ஒளியைச் சிதறடிக்காது. வெயிலைக் குறைக்க அது, ஆளை மறைக்க இது.

சரி, குறைகள். தெளிவாக இருக்கும்போதும் நேர் எதிரே நின்றால்தான் பளிச்சென்று இருக்கிறது. ஓரத்து நாற்காலியிலிருந்து பார்த்தால் லேசாகப் புகை படிந்த மாதிரி. வெள்ளையான பிறகும், உள்ளே விளக்கு எரிய, யாராவது கண்ணாடியை ஒட்டி நின்றால் நிழல் தெரிகிறது. கட்டிலைத் தள்ளிப் போட்டுச் சமாளித்தோம். பேச்சுச் சத்தத்தை இது துளியும் தடுப்பதில்லை. முதுகுவலிக் கதை முழுக்க வெளியே கேட்கும்!

முக்கியமானது ஓரம்தான். ஒயர் சேரும் செம்புப் பட்டை அங்கேதான் ஓடுகிறது. அதற்குள் ஈரம் போனால் ஃபிலிம் கெட ஆரம்பிக்கும். அதனால் துடைக்கிற அக்கா கிளீனரை நேராக ஸ்ப்ரே அடிப்பதில்லை. துணியை நன்றாகப் பிழிந்து, நடுவில் மட்டும் துடைக்கிறார். இவ்வளவு பார்த்தும் கீழ் மூலையில் நகத்தளவுக்கு ஒரு திட்டு தெளியாமலே நிற்கிறது. ஒட்டியவர்களைக் கேட்டால் "போகப் போக சரியாயிடும் சார்" என்றார்கள். இன்னும் ஆகவில்லை. ஃபிலிம் வாங்குபவர்கள், ஓரத்துப் பழுதுக்கும் வாரண்டி உண்டா என்று பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அலுவலக அறைக்கு, கிளினிக்குக்கு தாராளமாகப் போடலாம். குளியலறைக்கு ஒட்டுகிற ஃபிலிம் வேண்டாம். இரண்டு கண்ணாடிக்கு நடுவே பதித்து வருவதாகக் கேளுங்கள், விலை கூடத்தான் இருக்கும்.