சாட்ஸ்வர்த்தில் ஒரு சனிக்கிழமை வடிவியல் வகுப்பு

என் பேத்தி 11ஆம் வகுப்பு படிக்கிறாள். கணக்குத் தேர்வுக்கு முதல் நாள் அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். இங்கே தென்னாப்பிரிக்காவில் மெட்ரிக்கில், அதாவது 12ஆம் வகுப்பு இறுதித் தேர்வில், யூக்ளிட் வடிவியல் 2008 முதல் சில ஆண்டுகள் விருப்பத் தாளில்தான் இருந்தது. 2014 முதல் கணிதம் எடுக்கும் எல்லோருக்கும் இரண்டாம் தாளில் அது உண்டு. தப்பிக்க வழியில்லை. அதனால்தான் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் நடக்கும் இந்த வகுப்பில் சேர்த்தேன்.

முதல் நாள் நானும் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். டீச்சர் தேற்றம் எதையும் சொல்லவில்லை. ஆளுக்கொரு தட்டு கொடுத்து வட்டம் வரையச் சொன்னார். அதில் ஒரு வில்லை, அதாவது பரிதியின் ஒரு துண்டைக் குறித்து, அது மையத்தில் தாங்கும் கோணத்தையும் பரிதியில் தாங்கும் கோணத்தையும் பாகைமானியால் அளக்கவேண்டும். பேத்திக்கு 104, 52. பக்கத்துப் பையனுக்கு 86, 43. பலகையில் எண்கள் நிறைய நிறைய, "எல்லாம் பாதி!" என்று அவளே கத்திவிட்டாள். சரி, ஏன் பாதி? அதற்கு அரை மணி நேரம். பரிதிப் புள்ளியிலிருந்து மையம் வழியாக ஒரு கோடு இழுத்ததும் இரண்டு இருசமபக்க முக்கோணங்கள் தெரிந்தன. அப்புறம் வெளிக்கோணம் மிச்சத்தைச் சொல்லிவிட்டது. அவள் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

குறை என்றால், அறை சின்னது. பிப்ரவரி வெயிலில் ஒரு மின்விசிறி போதவில்லை. பாடமும் மெதுவாகத்தான் நகர்கிறது. தேர்வு நெருங்கிய பிள்ளைகளுக்கு இது ஒத்துவராது. 9, 10ஆம் வகுப்பிலேயே சேர்த்துவிடுங்கள்.

நேற்று ராத்திரி அவள் என்னைக் கூப்பிட்டு, "ஆயா, அந்தச் சாப்பாட்டுத் தட்டைக் கொஞ்சம் கொடுங்க" என்றாள்.