ஆஸ்திரேலியாவுக்குப் போக நினைக்கும் சிங்கப்பூர் நர்ஸ்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிங்கப்பூரில் நர்ஸாக வேலை பார்த்துக்கொண்டே ஆஸ்திரேலியப் பதிவு வாங்க முயற்சி செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓர் ஆலோசனை நிறுவனம் என்னிடம் 7,400 வெள்ளி வாங்கியது. அதற்கு என்ன செய்தது, எதைச் செய்யாமல் விட்டது என்று முழுதாகச் சொல்கிறேன். விஷயம் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. அதுவும் போக, இதே வேலையை வேறு வேறு பெயரில் செய்பவர்கள் இருக்கிறார்கள். பெயரைவிட அவர்கள் பேசும் விதமும் பணம் வாங்கும் விதமும் தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். சிங்கப்பூர் நர்சிங் போர்டின் (எஸ்என்பி) தேர்வை எழுதி, பதிவு வாங்கி, இங்கே ஒரு மருத்துவமனையில் பல வருடங்களாக மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். வேலையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு ஓரிடத்தில் நிலையாக இருக்க வேண்டும் என்பதால் ஆஸ்திரேலியா பற்றி யோசித்தோம்.

அந்த நிறுவனம் லிட்டில் இந்தியாவில் ஒரு ஹோட்டல் ஹாலில் இலவசக் கூட்டம் நடத்தியது. வந்தவர்களில் பெரும்பாலானோர் தமிழ்நாட்டு நர்ஸ்கள், கொஞ்சம் மலையாளிகள். பேசியவர் எங்கள் எல்லோரையும் "சிஸ்டர், சிஸ்டர்" என்றே கூப்பிட்டார். யாரோ நாலு பேர் மெல்பர்னில் நிற்கும் படங்களைக் காட்டி, "இவங்க எல்லாம் நம்ம கிளையன்ட்ஸ். நூறு சதவீதம் கேரண்டி. பேப்பர் வேலை முழுக்க நாங்க பாத்துக்குவோம், நீங்க டியூட்டி பாத்தா போதும்" என்றார். நைட் டியூட்டி முடித்துக் கண் எரிய உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட இனிப்பான பேச்சு வேறு இல்லை. அது தெரிந்துதான் பேசுகிறார்கள்.

முதலில் சேர்க்கைக் கட்டணம் என்று 1,800 வெள்ளி. பிறகு என்க்ளெக்ஸ் என்ற கணினித் தேர்வுக்கான பயிற்சிக்கு 2,200. அடுத்து, "அடிலெய்டில் ஆஸ்கி தேர்வுக்குத் தேதி பிடிக்கணும், சீட்டு சீக்கிரம் தீர்ந்துடும்" என்று அவசரப்படுத்தி 3,400. எல்லாமே பேநவ் என்ற வங்கிப் பரிமாற்றத்தில், நிறுவனத்தின் பதிவு எண்ணான யுஇஎன்னுக்கு அல்லாமல் ஒரு தனிநபரின் கைப்பேசி எண்ணுக்கு. "கம்பெனி அக்கவுண்ட்ல இப்ப ஒரு சின்ன பிரச்சினை, இது எங்க டைரக்டரோட நம்பர்தான்" என்று காரணம் சொன்னார்கள். ரசீதைக் கேட்டு கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. வந்த ரசீதிலோ "ஆவணச் சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது" என்று மட்டும்தான் இருந்தது. ஆஸ்கி என்ற சொல்லே அதில் இல்லை.

பயிற்சி என்றால் பழைய ஜூம் பதிவுகள். அதில் ஆசிரியர் வேறு யாருடைய கேள்விக்கோ பதில் சொல்லிக்கொண்டிருப்பார். நம் சந்தேகத்தைக் கேட்க ஆள் கிடையாது.

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். ஆனால் அந்த 3,400 வெள்ளி சுத்தமான பொய். ஆஸ்திரேலியாவில் நர்ஸ் பதிவைக் கவனிப்பது ஆப்ரா என்ற அமைப்பும் அதனோடு சேர்ந்த நர்சிங் அண்ட் மிட்வைஃபரி போர்டும். தேர்வு எழுத வேண்டியவர்களுக்கு அங்கே ஒரு வரிசை உண்டு. முதலில் கணினியில் என்க்ளெக்ஸ், அதில் தேறிய பிறகுதான் செய்முறைத் தேர்வான ஆஸ்கி. நான் என்க்ளெக்ஸுக்குப் பதிவே செய்யாத நிலையில் என் பெயரில் யாரும் ஆஸ்கி தேதி பிடிக்க முடியாது. இல்லாத தேதிக்கு என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு இந்த இரண்டு தேர்வுமே தேவைப்படவில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம். 2025இல் ஆஸ்திரேலியா ஒரு புதிய பதிவு முறையைக் கொண்டுவந்தது. பிரிட்டன், அயர்லாந்து, அமெரிக்கா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஒன்டாரியோ மாநிலங்கள், ஸ்பெயின், அப்புறம் நம் சிங்கப்பூர். இந்த இடங்களில் பதிவுபெற்ற நர்ஸாக 2017 தொடக்கத்திலிருந்து குறைந்தது 1,800 மணி நேரம் வேலை செய்திருந்து, மற்ற தகுதிகளும் இருந்தால், மேலும் தேர்வு இல்லாமலே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். வாரம் நாற்பது மணி நேரம் பார்ப்பவருக்கு 1,800 மணி என்பது நாற்பத்தைந்து வாரம், ஒரு வருடத்துக்கும் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். யாருக்கு எந்தப் பாதை என்பதை ஆப்ரா தளத்தில் இருக்கும் செல்ஃப் செக் என்ற கேள்வித் தொகுப்பே சொல்லிவிடும். என் வார்டில் இருக்கும் மலேசியத் தமிழ் அக்கா ஒருவர்தான், "உனக்கு எதுக்குமா ஆஸ்கி? நீ சிங்கப்பூர் ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) தானே?" என்று கேட்டு, சாப்பாட்டு இடைவேளையில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினார். என் படிப்பையும் பதிவையும் அனுபவத்தையும் நிரப்பினேன். புதிய பாதை எனக்குப் பொருந்தும் என்று வந்தது.

நிறுவனத்திடம் போய்க் கேட்டேன். "அதெல்லாம் பேப்பர்ல இருக்கும் சிஸ்டர், நடைமுறையில இந்தியாவில படிச்சவங்களுக்குக் கிடைக்காது" என்றார்கள். செல்ஃப் செக் முடிவைக் காட்டியதும், "உங்க கேஸ் கொஞ்சம் காம்ப்ளிகேட்டட், சீனியர்கிட்ட கேட்டுச் சொல்றோம்" என்று பேச்சு மாறியது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான் வந்தது, பதில் வரவில்லை.

சரி, நானே விண்ணப்பித்துக்கொள்கிறேன் என்று கிளம்பினால் அங்கே ஒரு கட்டை. என் பெயரில் ஆப்ரா கணக்கு ஏற்கெனவே திறக்கப்பட்டிருந்தது. அதில் இருந்த மின்னஞ்சல் என்னுடையது இல்லை; என் பெயரோடு சில எண்களைச் சேர்த்து அவர்களே உருவாக்கியது. கடவுச்சொல் அவர்கள் கையில். ஆப்ரா எனக்கு என்ன எழுதினாலும் அவர்களுக்குத்தான் போகும். பதில் சொல்லக் கெடு இருந்தாலும் எனக்குத் தெரியவராது. கடவுச்சொல்லைக் கேட்டபோது, "மீதி பேலன்ஸ் கட்டினா ஹேண்ட் ஓவர் பண்றோம்" என்றார்கள். என் பாஸ்போர்ட்டை வைத்துத் திறந்த என் கணக்கை எனக்கே விலை பேசினார்கள். ஆப்ராவுக்கு நேரடியாக எழுதி, அடையாளத்தை நிரூபித்து, மின்னஞ்சலை மாற்றிய பிறகுதான் கணக்கு என் கைக்கு வந்தது.

உள்ளே போய்ப் பார்த்தால், என் அனுபவப் பகுதியில் நான் ஒருநாளும் வேலை செய்யாத ஐசியூ இரண்டு வருடம் என்று இருந்தது. இதற்கு முன்னால் ஒருமுறை, "அனுபவக் கடிதத்துல ஐசியூ சேர்த்துக்கலாமா? நாங்களே லெட்டர் ரெடி பண்ணித் தர்றோம்" என்று கேட்டிருந்தார்கள். முடியவே முடியாது என்று எழுத்தில் சொல்லியிருந்தேன். அப்படியும் நிரப்பியிருக்கிறார்கள். நல்லவேளையாக விண்ணப்பத்தைச் சமர்ப்பித்திருக்கவில்லை. பொய்த் தகவலோடு போன விண்ணப்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது ஆலோசகர் அல்ல, விண்ணப்பதாரர்தான். ஆஸ்திரேலியாவில் மறுப்பு வந்தால் அது அந்த நாட்டோடு முடியாது. அடுத்த நாட்டு போர்டும் இதற்கு முன் எங்காவது மறுக்கப்பட்டதா என்று கேட்கும். இத்தனை வருடம் ராத்திரி பகலாகச் சம்பாதித்த நல்ல பெயரை யாரோ ஒருவர் கீபோர்டில் கெடுத்துவிடப் பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் தாங்கவில்லை. பணம் போனதைவிட இதுதான் என்னை எழுதவைத்தது.

ஆங்கிலத் தேர்விலும் இதே கதை. "ஐஇஎல்டிஎஸ் எழுதாமலே ஸ்கோர் வாங்கித் தர ஆள் இருக்கு" என்று என் தோழி ஒருத்தியிடம் பேசியிருக்கிறார்கள். மதிப்பெண்ணை ஆப்ரா தேர்வு நடத்தும் அமைப்பிடமே சரிபார்க்க முடியும். 2025இல் எழுத்துப் பகுதிக்கான அளவை 6.5 ஆகக் குறைத்தும் இருக்கிறார்கள். படித்தல், கேட்டல், பேசுதல் மூன்றுக்கும் 7 வேண்டும். ஓஇடி என்ற மருத்துவத் துறைக்கான தேர்வும் ஏற்கப்படுகிறது. வார்டில் தினம் ஹேண்டோவர் கொடுப்பவர்களுக்கு அந்தப் பேச்சுப் பகுதி புதிதாக இருக்காது.

நர்சிங் போர்டிலிருந்து போக வேண்டிய குட் ஸ்டாண்டிங் சான்றிதழுக்கும் தனியாக 600 வெள்ளி கேட்டார்கள். நான் கட்டவில்லை. அது நாமே சிங்கப்பூர் நர்சிங் போர்டிடம் இணையம் வழி விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அவர்கள் நேரே ஆப்ராவுக்கு அனுப்பும் கடிதம். நடுவில் ஒருவர் கை படவே கூடாத காகிதம் அது. தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்களுக்குச் சென்னையில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸ் மற்றும் மிட்வைஃப் கவுன்சிலிலிருந்தும் சரிபார்ப்பு தேவைப்படலாம். அதற்குக் காலம் ஆகும் என்பதால் சீக்கிரமே ஆரம்பித்துவிடுங்கள்.

அந்தக் கூட்டத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தங்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவாரூர்ப் பக்கம். ஊரில் நர்சிங் முடித்துவிட்டு, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறாள். சிங்கப்பூர் நர்சிங் போர்டில் பதிவு கிடையாது. அவளிடமும் இதே பேக்கேஜை விற்றிருக்கிறார்கள். உதவியாளராகப் பார்த்த மணி நேரம் அந்த 1,800இல் சேராது. பதிவுபெற்ற நர்ஸாகப் பார்த்தால்தான் கணக்கு. அவளுக்கு அந்தப் பாதையே இல்லை என்பது பணம் வாங்கியவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. அவள் அதைச் சொல்லிக் கேட்டதும், "அப்படின்னா முதல்ல உனக்கு எஸ்என்பி லைசென்ஸ் வாங்கித் தர்றோம்" என்று இன்னொரு தொகை சொன்னார்கள். அதுவும் பொய். வெளிநாட்டில் படித்த நர்ஸுக்கு இங்கே பதிவு வேண்டுமென்றால், இங்குள்ள ஒரு மருத்துவ நிறுவனம் வேலை தர ஒப்புக்கொண்டு, அந்த முதலாளி மூலமாகத்தான் விண்ணப்பம் போக வேண்டும். அதற்குப் பிறகுதான் தேர்வு. வெளியே ஒரு கடையில் உட்கார்ந்துகொண்டு யாரும் எஸ்என்பி லைசென்ஸ் வாங்கித் தர முடியாது. அவளிடம், "உன் இல்லத்து நர்சிங் மேலாளரிடம் நேராகப் போய்க் கேள்" என்று சொன்னேன். கேட்டிருக்கிறாள். ஸ்பான்சர் செய்வது பற்றிப் பேசலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். ஒரு காசு செலவில்லை.

ஆஸ்திரேலியா விஷயத்தில் பதிவு வேறு, விசாவுக்கான தகுதி மதிப்பீடு வேறு, விசா வேறு. பதிவு ஆப்ராவில், மதிப்பீடு அன்மாக் என்ற அமைப்பில், விசா அந்நாட்டு உள்துறையில். மூன்றையும் ஒன்றாகக் கட்டி, நிரந்தரவாசத்துக்கான "பிஆர் பேக்கேஜ்" என்று விற்கிறார்கள். விசா ஆலோசனை தருபவரிடம் அவருடைய மைக்ரேஷன் ஏஜென்ட் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏழு இலக்கம், இந்த ஏஜென்ட்களைப் பதிவு செய்யும் ஒமாரா என்ற ஆஸ்திரேலிய அமைப்பின் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். நான் கேட்டபோது, "ஆஸ்திரேலியாவில எங்க பார்ட்னர்கிட்ட இருக்கு" என்றார்கள். பார்ட்னரின் பெயர் கடைசிவரை வரவில்லை. வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்பவரிடம் சிங்கப்பூரின் வேலைவாய்ப்பு முகவர் உரிமம் இருக்கிறதா என்று மனிதவள அமைச்சின் பட்டியலில் பாருங்கள். கூட்டத்தில் வேலை வாங்கித் தருவதாக முழங்கியவர்கள், நான் உரிமம் கேட்டதும், "நாங்க ஏஜென்சி இல்ல, டாக்குமென்டேஷன் சர்வீஸ்தான்" என்று நழுவினார்கள்.

பணத்தைத் திரும்பக் கேட்டு முதலில் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போனேன். நிறுவனம் 2,000 வெள்ளி தருவதாக இறங்கிவந்தது. ஆனால் யாரிடமும் இதைப் பற்றிப் பேச மாட்டேன் என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். போடவில்லை. பிறகு சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவு செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே எடுக்கிறார்கள், இரண்டு வருடத்துக்குள் கொண்டுபோக வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. என் தொகைக்குப் பதிவுக் கட்டணம் 20 வெள்ளி. எல்லாம் இணையத்திலேயே முடிந்தது. நான் சேர்த்தவை பேநவ் பரிமாற்றங்கள், அந்த ரசீது, "ஆஸ்கி தேதி பிடித்தாச்சு" என்ற வாட்ஸ்அப் செய்தி, ஐசியூ வேண்டாம் என்று நான் எழுதிய பதில். போலீஸிலும் புகார் கொடுத்திருக்கிறேன். விசாரணைக்குக் காத்திருக்கிறேன்.

என் ஆப்ரா விண்ணப்பம் இப்போது என் மின்னஞ்சலில், என் உண்மையான அனுபவத்தோடு போயிருக்கிறது.

இப்படி ஒரு நிறுவனத்தில் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் இன்றைக்கே மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் பெயரில் ஆப்ராவிலோ வேறு போர்டிலோ கணக்கு திறக்கப்பட்டிருக்கிறதா, எந்த மின்னஞ்சலில் என்று அந்த அமைப்பிடமே கேளுங்கள். உங்கள் பெயரில் என்ன அனுபவம் எழுதப்பட்டிருக்கிறது என்று வரிவரியாகப் பாருங்கள். அவர்கள் வாட்ஸ்அப் செய்திகளை அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் படம் பிடித்து வேறு இடத்தில் சேமித்துவையுங்கள். அசல் சான்றிதழ் அவர்களிடம் இருந்தால், எழுத்தில் கேட்டும் தராவிட்டால், தாமதிக்காமல் போலீஸுக்குப் போங்கள். மோசடிதானா என்று சந்தேகமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு எண்ணில் எந்த நேரமும் கேட்கலாம், நைட் டியூட்டி முடிந்து வரும்போதுகூட.