மிஸ்டர் டோட் சவாரி: கலிபோர்னியாவா, ஃபுளோரிடாவா?

டிஸ்னியின் 'மிஸ்டர் டோட்ஸ் வைல்ட் ரைட்' மூடியாச்சு என்கிறார் ஒருவர், இன்னும் ஓடுகிறது என்கிறார் இன்னொருவர். இரண்டும் சரிதான். கென்னத் கிரஹாம் 1908-ல் எழுதிய சிறுவர் கதையில் வரும் தேரைதான் மிஸ்டர் டோட். அதை வைத்து அமெரிக்காவில் கலிபோர்னியா, ஃபுளோரிடா என இரண்டு இடத்து டிஸ்னி பூங்காக்களிலும் இந்த இருட்டுச் சவாரியை (இருட்டு அரங்குக்குள் வண்டியில் உட்கார்ந்து காட்சிகளைப் பார்த்தபடி போவது) அமைத்தார்கள்.

ஆயுள்
கலிபோர்னியா: 1955-ல் தொடங்கியது, 1983-ல் புதுப்பித்தார்கள், இன்றும் ஓடுகிறது.
ஃபுளோரிடா: 1971-ல் தொடங்கி 1998 செப்டம்பர் 7-ல் நின்றது. ரசிகர்கள் பூங்காவுக்குள்ளேயே கூடி எதிர்ப்புத் தெரிவித்தும் பலனில்லை.

தடம்
கலிபோர்னியாவில் ஒன்றுதான். ஃபுளோரிடாவில் இரண்டு, எந்தப் பக்கம் ஏறுகிறோமோ அதற்கேற்பக் காட்சிகள் மாறும். இந்த விஷயத்தில் மூடியதுதான் உசத்தி.

பயம்
பழைய கால காரில் ஸ்டீயரிங் இருக்கும். குழந்தை அதை எவ்வளவு திருப்பினாலும் வண்டி தன் போக்கில்தான் போகும். கடைசியில் எதிரே ரயில் வந்து மோத, நேராக நரகம்! சிறுவர் கதைக்கு இப்படி ஒரு முடிவு வைக்க எப்படித்தான் மனசு வந்ததோ. கிரஹாமின் கதையில் நரகமே கிடையாது.
ஃபுளோரிடாவில் அதே இடத்தில் 1999 முதல் ஓடும் 'வின்னி த பூ' என்ற கரடிப் பொம்மைக் கதைச் சவாரியில் தேன் ஜாடியில் உட்கார்ந்து ஆடிக்கொண்டே போகலாம்.

கலிபோர்னியாவின் டோட், ஃபுளோரிடாவின் வின்னி த பூ, இரண்டு சவாரியிலும் உயரக் கட்டுப்பாடு இல்லை. டோடையே பார்க்க வேண்டுமென்றால் கலிபோர்னியாதான். இருட்டுக்கு அழும் பிள்ளை கூட வந்தால் வின்னி த பூ சவாரி போதும். அதில் வரும் ஆந்தையின் வீட்டுக்குள் நுழைந்ததும் சுவரைக் கவனியுங்கள், டோட் ஆந்தையிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுக்கும் படம் மாட்டியிருக்கும்.